அவள் முறைப்படி

மாப்பிள்ளைத் தோழனாக நிற்பதற்குப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். மோதிரத்தைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், படம் எடுப்பவன் திரும்பச் சொன்ன பக்கம் திரும்ப வேண்டும், மாப்பிள்ளை மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும். கூடவே நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும். கிளமென்டுக்கு அதுதான் வரவில்லை. ஜோஹன்னஸ்பர்கிலிருந்து ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஃபீனிக்ஸில், மணப்பெண் ரொவீனாவின் அப்பா பாஸ்டர் ரூபனின் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஞாயிறு பள்ளி அறையில், குழந்தைகள் கிறுக்கி வைத்த சுவருக்கு நடுவே மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்துக் கழுத்துப்பட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

"டேய், கல்யாணம் இவனுக்கா, உனக்கா?" என்றான் துலானி. கிளமென்டும் மாப்பிள்ளை நிலேஷும் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலையில்தான் ஜூலு இனத்துப் பையனான அவனும் இருக்கிறான். இன்றைக்கு இரண்டாவது தோழன். "மூஞ்சியைப் பாரு. பல்லு புடுங்கிக்கப் போறவன் மாதிரி."

"அவனை விடுடா, ஒரு வாரமா எனக்காக நாயா அலைஞ்சிருக்கான்" என்றான் நிலேஷ். அவன் நெற்றியில் காலையில் அம்மா வைத்த குங்குமம் இருந்தது. மாமனார் முகம் சுளிக்கக் கூடாதே என்று அதைத் துடைத்து, அம்மா முகம் சுளிக்கக் கூடாதே என்று கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தான். "மச்சான், அக்கா எங்கே?"

அக்கா என்றது பாவ்னாவை. நிலேஷின் பெரியப்பா மகள், கிளமென்டின் மனைவி. நிலேஷ் வீட்டுக்குப் போக வர இருந்த காலத்தில்தான் கிளமென்ட் அவளைப் பார்த்தது, பேசியது, இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டது எல்லாம்.

"டியூட்டி முடிஞ்சு நேரா வந்துடுவா."

"வந்துடணும்டா சாமி. அம்மா நேத்திலேருந்து அவ பேரைத்தான் சொல்லிட்டிருக்கா. சாயங்காலம் ரொவீனா காதுல சொல்ற நாலு பேர்ல மொதல் ஆளு அக்காதானாம். வேத்து மதத்துல கட்டியும் நல்லா வாழ்றவ, அவ வாயால சொன்னாதான் பலிக்கும்னு ஒரே பிடிவாதம்."

கிளமென்டின் கை கழுத்துப்பட்டையிலேயே நின்றுவிட்டது. நிலேஷ் வீட்டுக் குஜராத்திகளின் கல்யாணத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நெருப்பைச் சுற்றி முடித்ததும், கணவனோடு நல்லபடியாக வாழ்கிற நான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, புதுப்பெண்ணின் வலது காதில், நீ தீராத சுமங்கலியாக இரு என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். விதவை சொல்லக் கூடாது. புருஷனைப் பிரிந்தவள் சொல்லவே கூடாது.

பாவ்னா கிளமென்டை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. பைன்டவுனில் கூட வேலை பார்க்கும் நர்ஸ் ரீட்டாவின் வீட்டில் இருக்கிறாள். அப்பா இல்லை, அம்மா ஜோஹன்னஸ்பர்கில் அண்ணனோடு இருக்கிறாள், அதனால் விஷயம் யாருக்கும் எட்டவில்லை. போகும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "ரொவீனா கல்யாணம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. நம்மளால அந்தப் பொண்ணு கல்யாணம் நிக்க வேண்டாம். அன்னிக்கு வந்து உன் பக்கத்துல நிப்பேன். அவ்வளவுதான்."

அந்தக் கடைசி ஒரு வார்த்தையைத்தான் கிளமென்ட் நம்பவில்லை. ஒரு நாள் பக்கத்தில் நின்றால் மனம் இளகாதா? தோளோடு தோள் இடித்தால் பழசு ஞாபகம் வராதா? அறுபது நாளாக அவன் சோறு தின்றது இந்த ஒரு நாளை நினைத்துத்தான். இப்போது நிலேஷ் சொன்னது கேட்டதும் அவனுக்குள் கணக்கு ஒன்று ஓடியது. பாவ்னாவுக்குச் சாமி விஷயத்தில் விளையாட்டு கிடையாது. அவள் போய் அந்தப் பெண் காதில் சொன்னால், தன்னை இன்னும் தன் மனைவி என்றுதான் நினைக்கிறாள் என்று அர்த்தம். சொல்லிவிட்டாள் என்றால் திரும்பி வந்துவிடுவாள்.

"இப்ப பாரு, சிரிக்கறான்" என்றான் துலானி. "பொண்டாட்டி பேரைக் கேட்டாதான் பயலுக்குப் பல்லு வெளிய வருது."

பாவ்னா சரியான நேரத்துக்கு வந்தாள். தோழிப் பெண்கள் எல்லோருக்கும் எடுத்த கிளிப்பச்சைப் புடவை. இளைத்திருந்தாள். வந்ததும் அவன் கோட்டில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். ஐந்து வருஷப் பழக்கம், கை தன்னால் போய்விட்டது. அந்த ஒரு தட்டலை வைத்துக்கொண்டு கிளமென்ட் மாளிகையே கட்டிவிட்டான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"ரொம்ப அழகா இருக்கே."

"முன்னால பாத்து நட, கிளெம். எல்லாரும் பாக்கறாங்க."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இசை தொடங்க, இருவரும் இருக்கை வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். இரண்டு பக்கமும் கைபேசிகள் உயர்ந்தன. கிளமென்டின் அத்தைமார்கள் பூரித்துப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் துலானியும் அவனுக்கு ஜோடியாக வந்த பெண்ணும், கடைசியில் ரொவீனாவைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு பாஸ்டர் ரூபனும் வந்தார்கள். மகளைத் தானே அழைத்துவந்து, தானே மேடையேறி, தானே கல்யாணமும் செய்து வைக்க வேண்டிய மனிதர். பாதி வழியிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ரூபன் கிளமென்டின் சித்தப்பா. மகள் ஒரு இந்துப் பையனைக் கட்டுவேன் என்று நின்றபோது அவர் உபவாசம் இருந்தார், அழுதார், சபையைக் கூட்டி ஜெபித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே சரி என்று சொல்லிவிட்டார். ஏன் சரி என்றார் என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்தது போதும் என்று மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க ஓடிவிட்டார்கள். அன்றைக்கே கேட்டுவைத்திருந்தால் கிளமென்டாவது தப்பித்திருப்பான்.

மோதிரம் மாற்றியாயிற்று. பாட்டு முடிந்தது. பாஸ்டர் வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"நிறைய பேர் என்னைக் கேட்டீங்க. பாஸ்டர், ஊருக்கெல்லாம் சொல்ற நீங்களே உங்க பொண்ணை இப்படிக் குடுக்கறீங்களேன்னு. மூஞ்சிக்கு நேரா கேக்காதவங்க முதுகுக்குப் பின்னால கேட்டீங்க. எனக்கு எல்லாம் தெரியும்." சபை சிரித்தது. "நான் சொல்றேன். எனக்கு வழி காட்டினது இதோ, முன்வரிசையில உக்காந்திருக்கானே, என் அண்ணன் மகன் கிளமென்ட். இவனும் பாவ்னாவும்."

கிளமென்ட் பக்கத்தில் இருந்த பாவ்னாவின் கையைப் பற்றிக்கொண்டான்.

"போன வருஷம் கர்த்தர் இவங்க குழந்தையை எடுத்துக்கிட்டாரு. அஞ்சு மாசக் குழந்தை. நியா. நாங்க எல்லாம் தூக்கி வளத்த குழந்தை. காய்ச்சல்னு படுத்துது, போயிடுச்சு. பெத்தவ மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில ஊசி போட்டுப் படுக்க வச்சிருக்காங்க. நான் போய் இவன்கிட்ட சொன்னேன், நம்ம கல்லறையில உங்க தாத்தா பக்கத்துல இடம் இருக்குடா, அங்க வச்சுடலாம்னு. மாட்டேன்னான். நான் அதட்டினேன். சபையை விட்டு நீக்கிடுவேன்னுகூட சொன்னேன், கர்த்தர் என்னை மன்னிக்கணும். இவன் அழுதுகிட்டே என்ன சொன்னான் தெரியுமா? 'சித்தப்பா, அவளால இப்ப வாயைத் திறந்து கேக்க முடியாது. அவ முறைப்படி நான் செய்யலைன்னா வேற யாரு செய்வா'ன்னான். தன்னந்தனியா நின்னு, அவங்க முறைப்படி அந்தக் குழந்தையைத் தகனம் பண்ணினான். அன்னிக்கு எனக்குக் கோபம். அப்புறம்தான் முழங்கால்ல நின்னப்ப புரிஞ்சுது. ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு இதைவிட என்ன அன்பு காட்டிட முடியும்? இப்படி வாழ முடியும்னா என் பொண்ணும் வாழட்டும்னு சரி சொன்னேன்."

"ஆமென்" என்றது சபை. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ரொவீனா மணமேடையிலிருந்து திரும்பி அண்ணனைப் பார்த்துக் கண்ணீரோடு சிரித்தாள்.

பாவ்னா அவன் கைக்குள்ளிருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெடுக்கென்று இழுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் மீது பட்டுவிட்ட கையை எடுப்பார்களே, அப்படி எடுத்தாள்.

பாஸ்டருக்கும் சபைக்கும் தெரியாத, தெரிந்த நிலேஷ் வீட்டாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருந்தது. இந்துக்கள் செத்தவர்களை எரிப்பார்கள் என்றுதான் கிளமென்டும் நினைத்திருந்தான். பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். பக்கத்து வீட்டுத் தாத்தா, ஆலையின் மேஸ்திரி, பாவ்னாவின் அப்பா, எல்லோரையும் எரித்தார்கள். பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், மண்ணில்தான் வைப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருக்க வேண்டும். நிலேஷின் அம்மா ஹன்சா தகன மண்டபத்துக்கு வந்திருந்தாள், நிலேஷின் அப்பா வந்திருந்தார். ஹன்சா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்ள, இருவரும் பின்வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குத் திக்கென்றுதான் இருந்தது. ஆனால், புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்திருப்பார்கள், இவர்கள் சபையில் இப்படித்தான் போலிருக்கிறது, துக்க வீட்டில் போய் நாம் என்ன கேட்பது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். சபைக்காரர்களோ, அவர்கள் முறை இது, நாம் என்ன சொல்வது என்று மற்றொரு பக்கம் தலை குனிந்து நின்றார்கள். இரண்டு பக்கத்து மரியாதைக்கும் நடுவே குழந்தை எரிந்துபோயிற்று. சாம்பலைக் கிளமென்ட் கடலில் கரைத்துவிட்டு வந்தான்.

பாவ்னா கண் விழித்ததும் கேட்டது, "எங்க வச்சே?" என்றுதான். கொஞ்சம் பெருமையாகவே அவன் சொன்னான். எல்லோரையும் எதிர்த்து நின்றதை, உங்க முறைப்படியே பண்ணிட்டேன் என்பதை. "எங்கள்ல குழந்தைய எரிக்க மாட்டாங்க, கிளெம்" என்றாள். அவன் அதற்குப் பிறகு என்னென்னவோ சொன்னான். அவள் பதிலுக்கு ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஒரு வருஷம் அவனோடு இருந்து, சமைத்து, துவைத்து, வேலைக்குப் போய் வந்து, பிறகு ஒரு நாள் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியத்துக்கு மேல் எல்லோரும் ஆலைக்குப் பக்கத்தில் இருந்த டோங்காட் மண்டபத்துக்குப் போனார்கள். அங்கே ஹன்சாவின் ஆட்சி. வாசலில் மாப்பிள்ளையை வரவேற்கும்போது மாமியார் அவன் மூக்கைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. பாஸ்டரின் மனைவியை அதற்கு ஒரு வாரமாகப் பழக்கியிருந்தார்கள். விக்கிரகம் கிடையாது, மந்திரம் கிடையாது, மூக்குத்தானே, இழுக்கலாம் என்று பாஸ்டர் அனுமதி கொடுத்திருந்தார். அந்த அம்மாள் உள்ளே இருந்த எல்லா ஆத்திரத்தையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்ததில் நிலேஷுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விடுங்க அத்தை, அது உங்க பொண்ணுக்கு வேணும்" என்றான் துலானி. மண்டபமே சிரித்தது. அவனுக்குக் குர்த்தா இரண்டு அளவு சின்னது. அதைப் பற்றி யாராவது வாய் திறந்தால் போதும், "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வா, எங்க முறைப்படி உனக்கு ஆட்டுத்தோலு கட்டி விடறேன்" என்று மிரட்டிக்கொண்டு திரிந்தான்.

சபைக்காரர்கள் இடது பக்கம், குஜராத்திகள் வலது பக்கம் என்று தானாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். பந்தியில் காய்கறி பிரியாணியும் பருப்பும்தான். "மட்டன் இல்லாத கல்யாணம் ஜெபக்கூட்டம்டா" என்று கிளமென்டின் மாமா ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது முறை தட்டை நீட்டினார். பாஸ்டர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அக்கினி வளர்த்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு தூரம் வளைந்து கொடுத்த மனிதரைக் குறை சொல்வதற்கில்லை.

கிளமென்ட் மணவறைக்குப் பக்கத்தில், நிலேஷின் தோளுக்குப் பின்னால் நின்றான். மந்திரமும் புகையும் அவனைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அவன் கண் பாவ்னா மேலேயே இருந்தது. அவள் ஓடியாடி வேலை செய்தாள். பூத்தட்டைக் கொடுத்தாள், ரொவீனாவின் தலைப்பை நிலேஷின் துண்டோடு முடிந்தபோது பிடித்துக்கொண்டாள், நெருப்பைச் சுற்றும்போது ரொவீனாவின் பாவாடை தட்டாமல் தூக்கிவிட்டாள். பாஸ்டர் பேசியதைக் கேட்ட பிறகும் இவ்வளவு செய்கிறாளே என்று அவனுக்கு மறுபடி நம்பிக்கை துளிர்த்தது. வெட்கங்கெட்ட நம்பிக்கை. நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினாலும் அது வாலை ஆட்டிக்கொண்டு திரும்ப வந்து நின்றது.

ஏழு அடி எடுத்து வைத்தாயிற்று. ஐயர் தலையாட்டினார். ஹன்சா எழுந்து நின்று, கையைத் தட்டி, "காதுல சொல்ற பொம்பளைங்க எல்லாம் வாங்க" என்றாள். "பாவ்னா, நீதான் மொதல்ல. வா, வா, நல்ல நேரம் போகுது."

பாவ்னா தூணோரமாக நின்றிருந்தாள். ரொவீனா தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தாள். போ, போ, போய்ச் சொல்லு என்று கிளமென்ட் உள்ளுக்குள் கெஞ்சினான். ஜெபம் என்று சொல்லக்கூடியதை அவன் செய்து ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்குச் செய்தான்.

பாவ்னா இரண்டு அடி வைத்தாள். நின்றாள். நிமிர்ந்து நேராகக் கிளமென்டைப் பார்த்தாள். பிறகு தனக்குச் சித்தி முறையான ஹன்சாவின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"காக்கி, நான் சொல்லக் கூடாது. விலக்காயிட்டேன்."

"ஐயோ! எப்ப?"

"இப்பத்தான்."

"இன்னிக்குத்தானா வரணும் அது? சரி சரி, மணவறைகிட்ட நிக்காதே, பின்னால போ. எதையும் தொடாதே." ஹன்சா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் திரும்பி, "ஏ மஞ்சுளா, நீ வா மொதல்ல" என்று வேறொருத்தியைக் கூப்பிட்டாள்.

பெண்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு நடப்பதுதானே. கிளமென்டுக்கு மட்டும் அது பொய் என்று தெரிந்தது. சொல்வதற்கு முன்னால் அவனைப் பார்த்த பார்வையில் அவள் அதை அவனுக்குச் சொல்லிவிட்டாள். மஞ்சுளா குனிந்து ரொவீனாவின் காதில் ஏதோ சொல்ல, ரொவீனாவுக்குக் கூச்சம் வந்து சிரித்தாள். பாவ்னா நாற்காலி வரிசைகளின் ஓரமாக நடந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

படம் எடுப்பவன், "தோழர் சார், இந்தப் பக்கம்" என்றான். கிளமென்ட் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான்.

அவள் கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில், வேலியோரமாக நின்றுகொண்டிருந்தாள். தோளில் கைப்பை மாட்டியிருந்தது. ஆலைப் பக்கமிருந்து கரும்புப்பாகு வாசனை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஹடீடாப் பறவைகள் புல்லைக் கொத்திக்கொண்டு கத்தின.

"கிளம்பிட்டியா?"

"ரீட்டா வர்றா. கார்ல பாதி வழி வந்துட்டாளாம்."

"ஒரு வார்த்தைதானே பாவ்னா. காதுல ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம்ல?"

"காலையிலேருந்து பொய்தான். உன் கையைப் புடிச்சுட்டு நடந்தேன், பல்லைக் காட்டிட்டு படத்துக்கு நின்னேன். உங்க சித்தப்பா பேசினப்பகூட எழுந்து போகல. ஆனா அந்தப் பொண்ணு காதுல போய் நான் அதைச் சொன்னா..." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அவளுக்கு ஏதாவது ஆயிடும் கிளெம். எனக்குப் பயமா இருந்துச்சு. அவ நல்லா இருக்கட்டும்."

"நான் உள்ள போய் மைக்கைப் புடிச்சு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். சித்தப்பா சொன்னது தப்பு, நான் பண்ணினது தப்புன்னு. உன் கால்ல விழறேன். வா, வீட்டுக்குப் போலாம்."

"சொல்லி? இன்னிக்கு அந்த மனுஷன் பொண்ணைக் குடுத்ததே அதை நம்பித்தான். அவர் தலையில கல்லைத் தூக்கிப் போடப்போறியா?"

உள்ளே மேளம் கேட்டது.

"நான் கேட்டிருக்கணும்" என்றான். "யாரையாவது ஒருத்தரை. காக்கி அங்கதான் நின்னுட்டிருந்தாங்க. பத்தடி தூரத்துல."

"காக்கியும் உன்னைக் கேட்டிருக்கலாம். நிலேஷ் கேட்டிருக்கலாம். எல்லாருக்கும் எல்லார் மேலயும் அவ்வளவு மரியாதை." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "உன்மேல கோபமே வர மாட்டேங்குது எனக்கு. வந்தா கத்திட்டு, ரெண்டு அடி அடிச்சுட்டு, கூடவே இருந்திருப்பேன். குடிச்சுட்டுப் பண்ணினியா, வேணும்னு பண்ணினியா? எனக்காகத்தான் பண்ணினே. ஊரையே எதுத்துட்டுப் பண்ணினே. அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? உன் முகத்தைப் பாக்கறப்பல்லாம் நீ எவ்வளவு நல்லவன்னு தெரியுது, உடனே நான் பாக்காத அந்தத் தகன அடுப்புக்கதவு தெரியுது. ரெண்டும் ஒண்ணாவே வருது."

"பாவ்னா..."

"ஒரு பிடி மண்ணு இருந்திருந்தா போதும். அதுகிட்ட போய் உக்காந்து உன்னைத் திட்டித் தீத்துட்டு, சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பேன். எனக்குப் போக ஒரு இடமே இல்லாம பண்ணிட்டே."

வெள்ளைக் கார் ஒன்று உள்ளே திரும்பியது. பாவ்னா கைப்பையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றான்.

"உள்ள போ. தேடுவாங்க. எனக்கு டியூட்டின்னு சொல்லிடு. மாசம் முடிஞ்சப்புறம் மெதுவா நீயே ஒவ்வொருத்தரா சொல்லிக்கோ. நான் வர மாட்டேன், கிளெம். இன்னிக்கு வந்தா ஏதாவது மாறுமோன்னு எனக்கும் ஒரு ஆசை இருந்துச்சு. அதான் வந்தேன். மாறல."

கார் போனது. தனக்கு இருந்த ஆசை அவளுக்கும் இருந்தது என்பதைக் கேட்டு அவன் அப்படியே நின்றான். அது தெரியாமலே இருந்திருக்கலாம். ஒருத்தர் மட்டும் ஆசைப்பட்டுத் தோற்றால் மற்றவர் மேல் பழி போடலாம். இரண்டு பேரும் ஒரே நாளை நம்பி, ஒரே வரிசையில் கைகோத்து நடந்து, ஒன்றாகத் தோற்றிருக்கிறார்கள். இனிமேல் எதிர்பார்க்க எந்த நாளும் இல்லை.

துலானி வாசலுக்கு வந்து கத்தினான். "டேய் கிளெம்! எங்க தொலைஞ்சே? மாப்பிள்ளைத் தோழன் ரெண்டு வார்த்தை பேசணுமாம். நான் பேசினா கல்யாணம் கலைஞ்சுடும்னு பயப்படறாங்க."

கிளமென்ட் உள்ளே போனான். பேசினான். நிலேஷ் ஆலையில் முதல் நாள் சர்க்கரைப்பாகில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னான். சிரித்தார்கள். ரொவீனா சின்ன வயதில் பூனைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போய் பிறாண்டல் வாங்கிய கதையைச் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். பாஸ்டர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டு, "பாவ்னா எங்கடா? அவளையும் கூப்பிடு, ரெண்டு பேருமா நில்லுங்க" என்றார்.

"டியூட்டி சித்தப்பா. இப்பத்தான் போனா."

"பாவம் பொண்ணு. கல்யாணத்தன்னிக்குக்கூட வேலை. சொல்லு அவகிட்ட, சித்தப்பா ஆசீர்வாதம் பண்ணினேன்னு."

"சொல்றேன்."

மேடையில் மணமக்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிலேஷ் யாரோ கிழவரின் காலைத் தொடக் குனிந்திருந்த நேரம், ரொவீனா கிளமென்டின் கையைப் பிடித்து இழுத்தாள். கண் மையெல்லாம் கரைந்து, நெற்றி வகிட்டில் குங்குமம் மூக்கு வரை கொட்டியிருந்தது. சந்தோஷத்தில் கொஞ்சம் பயமும் சேர்ந்த முகம்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கு உள்ளுக்குள்ள உதறுது. இவங்க வீட்டு வழக்கம் ஒண்ணும் எனக்குத் தெரியாது. தப்பா ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

"அதெல்லாம் பழகிடும்."

"எனக்கும் இவனுக்கும் ஏதாவது வந்துச்சுன்னா நான் அப்பாகிட்ட போக மாட்டேன். நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன். அண்ணிகிட்ட உக்காந்து கேட்டுக்குவேன். அண்ணிக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும். வரலாம்ல?"

படம் எடுப்பவன் கையை உயர்த்தி, எல்லோரும் சிரிங்க என்றான்.

"வா" என்றான் கிளமென்ட்.

"எப்ப வேணும்னாலும்?"

"எப்ப வேணும்னாலும் வா. அண்ணி வீட்லதான் இருப்பா."